சுதந்திரம் பேசியவர்கள் காலனி ஆட்சியை எப்படி ஆதரித்தார்கள்?

கேள்வி இதுதான்: "தனிமனித சுதந்திரம், மக்களின் சம்மதம், பிரதிநிதித்துவ ஆட்சி என்று வாழ்நாள் முழுக்க எழுதிய இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில், பிரான்சின் டோக்வில் போன்றவர்கள் இந்தியாவையும் அல்ஜீரியாவையும் தங்கள் நாடு ஆண்டதை ஆதரித்தார்களே, இது இரட்டை வேடமா? இல்லை, தாராளவாதக் கொள்கைக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறதா?"

இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் வேடம் போடுகிறவன் தான் நம்பாததைச் சொல்வான். மில் சொன்னதை நம்பித்தான் சொன்னார். அவருடைய கொள்கையில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. சுதந்திரம் மனிதர் எல்லோருக்கும் உரியது, ஆனால் அதைக் கையாளும் பக்குவம் வந்த பிறகு. பக்குவம் வந்துவிட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை அவர் ஆள்பவரிடமே விட்டுவைத்தார். ஆள்பவருக்கோ அந்தத் தீர்ப்பைத் தள்ளிப்போடுவதில்தான் ஆதாயம். என்னைக் கேட்டால் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த நிபந்தனையை ஏற்காத தாராளவாதிகளும் இருந்தார்கள், அதுவும் மில்லுக்கு இரண்டு தலைமுறை முன்பே.

மில்லிடமிருந்தே தொடங்குவோம். 1823 மே மாதம், 17 வயது நிரம்பிய கையோடு, லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அப்பா ஜேம்ஸ் மில் அதே அலுவலகத்தில் அதிகாரி. மகன் அங்கே 35 ஆண்டு வேலை பார்த்தார். இந்தியாவிலிருந்து கட்டுக்கட்டாக வந்த காகிதங்களைப் படித்து, கம்பெனி இயக்குநர்களின் பெயரில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் போகவேண்டிய உத்தரவுகளுக்கு வரைவு எழுதுவது அவர் வேலை. பெரும்பாலும் சமஸ்தானங்களோடு உள்ள உறவு பற்றியவை. ஏறத்தாழ 1,700 வரைவுகள் எழுதியிருக்கிறார். இந்தியாவில் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. இந்தியாவின் அரசாங்கம் முழுவதும் எழுத்திலேயே நடக்கிறது என்று 1852-ல் பிரபுக்கள் சபையின் விசாரணைக் குழு முன் சொன்னார். அதை நல்ல ஆட்சிக்கு அடையாளமாகவே சொன்னார். எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதி வைக்க வேண்டும், மேலே இருப்பவர் படித்துப் பார்ப்பார், ஆகவே அதிகாரி பொறுப்போடு நடப்பான் என்பது அவர் வாதம். ஆளப்படுகிறவன் அந்தக் காகிதத்தைப் படிக்க முடியாதே என்ற கேள்வி அங்கே எழவில்லை.

1858-ல் கம்பெனியின் ஆட்சியை மகாராணி அரசு எடுத்துக்கொண்டபோது, கம்பெனியைக் காப்பாற்றக் கடைசி முயற்சியாக நாடாளுமன்றத்துக்குப் போன மனுவை எழுதியவரும் அவர்தான். கூடவே, கம்பெனி இந்தியாவில் செய்த மேம்பாடுகளைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கையும் எழுதினார். மறு ஆண்டு, 1859-ல், 'சுதந்திரம்' பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவருடைய வாழ்க்கையில் தலையிட அரசுக்கோ சமூகத்துக்கோ உரிமை இல்லை என்கிற நூல் அது. அதன் முதல் அத்தியாயத்திலேயே விலக்கு வந்துவிடுகிறது. இந்தக் கோட்பாடு சிறுவர்களுக்குப் பொருந்தாது. இனமே இன்னும் சிறுபிராயத்தில் இருப்பதாகக் கருதத்தக்க பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது. அநாகரிக மக்களை ஆள எதேச்சாதிகாரம் நியாயமான முறைதான், அவர்களை மேம்படுத்துவதே நோக்கமாக இருந்தால். அப்படிப்பட்ட மக்களுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால், ஓர் அக்பரோ ஒரு சார்லமேனோ கிடைப்பார். அவருக்குக் கீழ்ப்படிவதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதுகிறார்.

இந்தப் பத்தியைக் கைதவறி விழுந்த வரி என்று ஒதுக்கிவிட முடியாது. 1861-ல் வந்த பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில் இதே விஷயம் ஓர் அத்தியாயமாகவே விரிகிறது. நேரம் குறைவாக இருப்பவர்கள் அந்த நூலின் மூன்றாம் அத்தியாயத்தையும் பதினெட்டாம் அத்தியாயத்தையும் மட்டும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம். மூன்றாவதில் மில் சொல்வது: ஆட்சியில் குரல் இல்லாதவர்களின் நலன், அதைக் காக்கவேண்டிய இயல்பான காவலர்கள் இல்லாததால், எப்போதும் புறக்கணிக்கப்படும் ஆபத்தில் இருக்கிறது. ஆள்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது பொருந்தும். தொழிலாளர்களுக்கு இந்த வாதத்தை வைத்துத்தான் ஓட்டுரிமை கேட்டார். பின்னாளில் பெண்களுக்காக நாடாளுமன்றத்தில் நின்றபோதும் அடிப்படை இதுதான். பதினெட்டாவது, ஆளப்படும் நாடுகள் பற்றியது. ஒரு மக்கள் தம்மைத் தாமே ஆள்வதற்கு அர்த்தம் உண்டு, ஒரு மக்கள் இன்னொரு மக்களை ஆள்வது என்ற ஒன்று கிடையாது, இருக்கவும் முடியாது என்று அங்கே எழுதுகிறார். ஒரு தேசம் இன்னொன்றைப் பணம் பண்ணும் இடமாகவோ, தன் லாபத்துக்காக மேய்க்கும் மனித மாட்டுப்பண்ணையாகவோ வைத்துக்கொள்ளலாமே தவிர ஆளமுடியாது என்கிறார். இதைவிடக் கடுமையாக எந்தக் காலனி எதிர்ப்பாளரும் எழுதிவிட முடியாது. அடுத்த பக்கங்களில் அவர் தரும் தீர்வு, இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் தலையீடு இல்லாத, துறை அறிந்த நிபுணர்களின் குழு. பழைய கம்பெனி நிர்வாகத்தின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. மூன்றாம் அத்தியாயத்தின் வாதம் அந்தக் குழுவுக்கும் பொருந்துமே என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க அப்போதே ஆட்கள் இருந்தார்கள். 1852-ல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியின் முயற்சியால் மதராஸ் நேட்டிவ் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. வரிக்கொடுமை, நிலவரி வசூலிக்க நடக்கும் சித்திரவதை என்று அது நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. விஷயம் அங்கே விவாதமாகி, விசாரணைக் குழு போடப்பட்டு, 1855-ல் அறிக்கை வெளிவந்தது. வரி பாக்கிக்காகச் சித்திரவதை நடப்பது உண்மை என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டது. கிட்டி, அண்ணாந்தாள் என்ற நம் ஊர்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே பதிவாகியிருக்கின்றன. கிட்டி, விரல்களை இடுக்கி நெரிக்கும் கட்டை. அண்ணாந்தாள், ஆளை வளைத்துக் குனியவைத்துக் கழுத்துக்கும் கால் விரலுக்கும் கயிறு போட்டுக் கட்டிவைப்பது. குற்றத்தைக் கீழ்நிலை இந்தியச் சேவகர்கள் தலையில் போட்டு, ஐரோப்பிய அதிகாரிகள் இதை ஆதரிக்கவில்லை என்று குழு முடித்தது. எழுத்திலேயே நடக்கும் ஆட்சியில், ஆயிரக்கணக்கான விவசாயிகளின் உடம்பில் நடந்தது காகிதத்துக்கு வர ஒரு குடிமக்கள் சங்கத்தின் மனு தேவைப்பட்டது. மில்லின் மூன்றாம் அத்தியாயம் சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர் அதை லண்டன் ஏழைகளுக்கு எழுதினார், செங்கல்பட்டு விவசாயிக்கு எழுதவில்லை.

மில்லை இனவெறியராகக் காட்டுவதும் தவறு. மனிதரின் நடத்தையில் உள்ள வேறுபாடுகளுக்குப் பிறவிக் குணமே காரணம் என்பது எல்லாவற்றிலும் மட்டமான விளக்கம் என்று எழுதியவர் அவர். கறுப்பின மக்கள் வெள்ளையருக்கு உழைக்கவே பிறந்தவர்கள் என்று எழுத்தாளர் தாமஸ் கார்லைல் எழுதியபோது 1850-ல் எதிர்த்துக் கடுமையாகப் பதில் எழுதினார். 1865-ல் ஜமைக்காவின் மோரன்ட் பே கிளர்ச்சியை ஆளுநர் எயர் ராணுவச் சட்டம் போட்டு அடக்கியதில் 400-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எயர் மீது கொலை வழக்குப் போட வேண்டும் என்று போராடிய குழுவுக்குத் தலைவர் மில். எயருக்கு ஆதரவாக நின்றவர்களில் கார்லைல், டிக்கன்ஸ், டென்னிசன் எல்லோரும் உண்டு. ஆங்கிலக் கல்வி பற்றிய மெக்காலேயின் திட்டமும் மில்லுக்குப் பிடிக்கவில்லை. 1836-ல் அதை விமர்சித்து அவர் எழுதிய வரைவைக் கம்பெனியை மேற்பார்வையிட்ட வாரியம் நிறுத்திவிட்டது. இத்தனையும் உண்மை. ஆனால் இதிலேயே ஒரு முரண் இருக்கிறது. பிறவி வேறுபாடு இல்லை, எந்த மக்களும் முன்னேறலாம் என்பதால்தானே அவர்களை முன்னேற்ற ஓர் ஆசான் வேண்டும் என்று சொல்ல முடிந்தது! எல்லோரும் சமம் என்ற நம்பிக்கையே எதேச்சாதிகாரத்துக்கு நல்லெண்ணச் சான்றிதழாக மாறியது. கார்லைலின் ஏகாதிபத்தியத்துக்கு இந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை. மில்லுடையதுக்குத் தேவைப்பட்டது.

இந்த ஏணிப்படிச் சிந்தனை, அதாவது உலகச் சமூகங்களை எல்லாம் ஒரே ஏணியில் மேலும் கீழுமாக நிறுத்திப் பார்ப்பது, மில்லுக்கு வீட்டிலேயே கிடைத்தது. அப்பா ஜேம்ஸ் மில் 1817-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய வரலாறு, இந்தியா வராமலே, எந்த இந்திய மொழியும் தெரியாமலே எழுதப்பட்டது. அதைக் குறையாக அவர் நினைக்கவில்லை. இந்தியாவிலேயே கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டு ஒரு வாழ்நாள் இருப்பவரைவிட, இங்கிலாந்தில் அறைக்குள் உட்கார்ந்து படிப்பவர் ஓர் ஆண்டில் அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்று முன்னுரையில் எழுதினார். கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் அந்த நூல் பாடமாக இருந்தது.

இன்னும் பின்னால் போனால் ஜான் லாக். 1689-ல் அவர் வகுத்த சொத்துரிமைக் கோட்பாட்டில், உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் சொந்தம். உழுது பயிரிடாத நிலம் வீண் நிலம். ஆதியில் உலகம் முழுவதும் அமெரிக்கா போலத்தான் இருந்தது என்றார். அமெரிக்கப் பழங்குடிகளின் வேட்டைக்காடுகள் யாருக்கும் சொந்தமில்லாதவை என்று குடியேறிகள் சொல்லிக்கொள்ள இந்த வாதம் வசதியாக இருந்தது. லாக் கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர். அந்தக் காலனிக்காக 1669-ல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டத்தில் அவர் பங்கு உண்டு; கறுப்பின அடிமைகள் மீது எஜமானனுக்கு முழு அதிகாரம் தருகிற ஷரத்து அதில் இருக்கிறது. அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கும் வைத்திருந்தார். மில் விஷயத்தில் தயங்கியதைப் போல இவர் விஷயத்தில் நான் தயங்கமாட்டேன். சொந்த லாபம் இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

இதை வைத்து, தாராளவாதம் பிறந்ததே காலனிக்காகத்தான் என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே நான் உடன்படவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைப் பாருங்கள். ஆடம் ஸ்மித் 1776-ல், வியாபாரிகளின் கம்பெனி ஒரு நாட்டை ஆள்வதைப் போல மோசமான ஆட்சி இருக்க முடியாது என்று எழுதினார். வாடிக்கையாளர்களைப் பிடிப்பதற்காக ஒரு பேரரசையே கட்டியிருக்கிறார்கள் என்று குற்றம்சாட்டினார். டிடரோ, காலனிகளின் வரலாற்றைச் சொன்ன ரெய்னலின் தொகுப்புக்குள் தன் பெயர் போடாமல் எழுதிய பகுதிகளில், ஆக்கிரமிக்க வருபவனை எதிர்க்கும் உரிமையை வெளிப்படையாக ஆதரித்தார். கான்ட் 1795-ல், அந்நிய நாட்டுக்குப் போகிறவனுக்கு விருந்தினனாக நடத்தப்படும் உரிமை மட்டுமே உண்டு, ஐரோப்பியர்களோ போவதையும் பிடிப்பதையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்றார். பெந்தம் 1793-ல் பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுதிய பிரசுரத்தின் தலைப்பே 'உங்கள் காலனிகளை விடுதலை செய்யுங்கள்' என்பதுதான். அவரே கடைசிக் காலத்தில் குடியேற்றத் திட்டங்களை ஆதரித்தது வேறு கதை.

இவர்களுள் எட்மண்ட் பர்க்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவரைப் பழமைவாதத்தின் தந்தை என்பார்கள். ஆனால் அவர் பின்னாளில் லிபரல் கட்சியாக மாறிய விக் கட்சிக்காரர், இந்திய விஷயத்தில் அவர் அளவுக்கு யாரும் மெனக்கெடவில்லை. 1785 பிப்ரவரி 28-ல் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி காமன்ஸ் சபையில் பேசினார். நவாப் முகமது அலிக்கு கம்பெனியின் ஊழியர்களே அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்து, ஈடாக ஜில்லா ஜில்லாவாக வரி வருமானத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். பால் பென்ஃபீல்டு என்கிறவர் அதில் பெரிய கை. அந்தப் பணத்தில் நாடாளுமன்றத்திலேயே இடங்களை வாங்க முடிந்தது. கடன்கள் உண்மைதானா என்று விசாரிக்காமலே கர்நாடகத்தின், அதாவது இன்றைய வட தமிழ்நாட்டையும் சோழமண்டலக் கரையையும் உள்ளடக்கிய சீமையின், வருமானத்திலிருந்து அடைக்க பிரதமர் பிட்டின் அரசாங்கம் முடிவெடுத்தது. பர்க் அன்றைக்குச் செய்ததை நான் மறுபடி மறுபடி நினைப்பதுண்டு. சென்னையைச் சூழ்ந்த ஜாகிர் பகுதியின் வரைபடத்தை எடுத்துவைத்து அதிலுள்ள ஏரிகளை எண்ணியிருக்கிறார். ஆயிரத்து நூறுக்கும் மேல் வந்தன. இரண்டு மூன்று ஏக்கர் குளத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரி வரை. இவை உண்மையான அரசர்களின் நினைவுச் சின்னங்கள், பிறக்காத தலைமுறைக்காக எழுதிவைத்த உயில்கள் என்றார். இந்தச் சீமையின் செழிப்பே தண்ணீரைத் தேக்குவதில் இருக்கிறது, வருமானத்தைக் கடன்காரர்கள் உறிஞ்சினால் ஏரியைப் பராமரிக்கக் காசு இருக்காது என்பதே அவர் வாதம். ஜேம்ஸ் மில்லைப் போலவே பர்க்கும் இந்தியா வந்ததில்லை. ஒருவர் வராமலே தீர்ப்புச் சொன்னார். மற்றவர் வராமலே ஏரிகளை எண்ணினார். பிறகு வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையை 1788 முதல் 1795 வரை இழுத்து நடத்தி, தோற்றார். இங்கிலாந்தில் ஒரு நீதி, வங்காளத்தில் ஒரு நீதி என்று பூகோளத்துக்கு ஏற்ப மாறும் ஒழுக்கத்தை ஏற்கமாட்டேன் என்பதே அந்த வழக்கில் அவர் பிடித்த பிடி. பேரரசே கூடாது என்று அவர் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தப் பேரரசின் செயல்களை அளக்கும் கோல் ஆளப்படுகிறவனின் கையிலும் இருக்கவேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

ஆகவே "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்" என்ற சமாதானம் செல்லாது. நினைக்காதவர்கள் முன்பும் இருந்தார்கள், கூடவும் இருந்தார்கள். மில் கம்பெனி அலுவலகத்தில் இருந்த 1853-லேயே ரிச்சர்ட் காப்டன், இந்தியாவில் போர்கள் எப்படி ஜோடிக்கப்படுகின்றன என்று பர்மியப் போரை வைத்துப் பிரசுரம் போட்டார். காப்டனும் தாராளவாதிதான், சுதந்திர வணிகத்தின் பெரும் பிரசாரகர்.

கல்விப்புலத்தில் இதைப் பற்றி ஒரு நல்ல வாக்குவாதம் நடந்திருக்கிறது. உதய் சிங் மேத்தா, இந்த விலக்கல் தாராளவாதச் சிந்தனையின் உள்ளேயே இருக்கிறது என்பார். அந்நியமான வாழ்க்கையைச் சந்திக்கும்போதெல்லாம் அதை நம்முடைய பழைய நிலை என்று வகைப்படுத்தும் பழக்கம் அது. ஜெனிஃபர் பிட்ஸ், ஸ்மித்தும் பர்க்கும் பெந்தமும் எதிர்த்தவர்கள்தானே, மாற்றம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது என்பார். எனக்குப் பிட்ஸின் வாதம் பெரும்பாலும் சரியாகப் படுகிறது. ஆனால் மேத்தா சுட்டும் அந்தப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், மாற்றம் ஏன் அவ்வளவு சுலபமாக நடந்தது என்று விளங்காது.

டோக்வில் வேறு ரகம். மில் சொல்லும் மேம்பாட்டுக் கதையில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அமெரிக்க ஜனநாயகம் பற்றி எழுதியபோதே பழங்குடிகளும் அடிமைகளும் படும் பாட்டைக் கண்ணால் கண்டு பதிவு செய்தவர். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கப் போராடியவர். ஆனால் 1841-ல் அல்ஜீரியா போய்வந்து எழுதிய கட்டுரையில், பயிரை எரிப்பதையும், தானியக் குதிர்களைக் காலி செய்வதையும், ஆயுதமில்லாத ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பிடிப்பதையும் துரதிர்ஷ்டவசமான தேவைகள் என்றார். அரேபியரோடு போரிட விரும்பும் எந்த மக்களும் இவற்றுக்கு உடன்பட்டே ஆகவேண்டுமாம். ஏன்? பிரான்ஸ் பின்வாங்கினால் உலகத்தின் கண்ணில் தாழ்ந்துவிடும், சொந்தச் சௌகரியத்தில் மூழ்கிப்போன பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு பெரிய காரியம் தேவை என்று அவர் கருதினார். ஜனநாயக மனிதன் சின்னச் சின்ன சுகங்களில் சுருங்கிவிடுவான் என்ற அவருடைய புகழ்பெற்ற கவலையின் மறுபக்கம் இது. பிரான்சின் சுதந்திரத்துக்கு ஊக்க மருந்து தேவைப்பட்டது, அதற்கான விலையை அல்ஜீரியர்கள் கொடுத்தார்கள். 1847-ல் அவரே எழுதிய நாடாளுமன்ற அறிக்கையில், நம்மை அறிவதற்கு முன் இருந்ததைவிட முஸ்லிம் சமூகத்தை மேலும் துயரமானதாக, ஒழுங்கற்றதாக, அறியாமை மிக்கதாக, காட்டுமிராண்டித்தனமானதாக ஆக்கிவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டும் ஆக்கிரமிப்பைக் கைவிடச் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை இது மில்லைவிட இருண்ட இடம். மில் தெரியாமல் தவறு செய்தார் என்றாவது வாதாடலாம்.

பிரான்சில் இந்தப் பிளவு பின்னாளில் பகிரங்கமாக வெடித்தது. இலவச, கட்டாய, மதச்சார்பற்ற ஆரம்பக் கல்வியைச் சட்டமாக்கிய அதே ஜூல் ஃபெரி, 1885 ஜூலை 28-ல், உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்கள் மீது உரிமை உண்டு, ஏனென்றால் அவர்களுக்குக் கடமை இருக்கிறது என்று பேசினார். இரண்டு நாள் கழித்துக் கிளெமென்சோ அதே அவையில் கிழித்தெறிந்தார். இருவரும் குடியரசுவாதிகள். இங்கிலாந்தில் லிபரல் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டன், ஆப்கன் மலைக்கிராமத்து உயிரும் நம் உயிரைப் போலப் புனிதமானது என்று பேசி 1880-ல் ஜெயித்து, 1882-ல் எகிப்தில் படையை இறக்கினார். அலெக்சாண்டிரியா மீது குண்டு விழுந்ததும் ஜான் பிரைட் அமைச்சர் பதவியை உதறினார்.

பொருளாதாரப் பக்கத்தை யாரும் மறந்துவிடக்கூடாது. அங்கேதான் பிணங்கள் அதிகம். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியா செத்துக்கொண்டிருந்தபோது, தானியச் சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டன் உறுதியாக இருந்தார். சென்னை அரசாங்கம் தானே தானியம் வாங்க முயன்றதைக் கல்கத்தா தடுத்தது. ஏற்றுமதியோ நிற்கவில்லை. 1877-ல் அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஏறத்தாழ 450 கிராம், போதும் என்ற கணக்கில் கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவு மனிதனைக் கொல்லும் என்று எதிர்த்து எழுதினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகாரில் தானியத்தை இறக்குமதி செய்து மக்களைக் காப்பாற்றியவரும் இதே டெம்பிள்தான். செலவாளி என்று அப்போது வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். லிட்டன் கன்சர்வேட்டிவ் கட்சி அனுப்பிய ஆள், அதனால் பழியைத் தாராளவாதக் கட்சி மேல் போட முடியாது. ஆனால் அவர் ஓதிய மந்திரம் தாராளப் பொருளாதாரத்தின் மந்திரம். 1770 வங்கப் பஞ்சத்துக்குக் கம்பெனி ஊழியர்களின் தலையீடும் ஒரு காரணம் என்று ஸ்மித் சொன்னது கம்பெனியைக் கண்டிக்க. நூறு ஆண்டு கழித்து அதே வாதம் கம்பெனியின் வாரிசுகளுக்குக் கையைக் கட்டிக்கொண்டிருக்கக் காரணமாயிற்று. தங்கள் ஊரில் பஞ்சம் வந்து ஓட்டுப்போடுகிறவர்கள் செத்திருந்தால் எந்த மந்திரியும் இதைப் பாடமாக ஒப்பித்திருக்க முடியாது.

பக்குவம் என்ற நிபந்தனை நடைமுறையில் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். மெக்காலே 1833-ல், இந்தியர்கள் என்றாவது ஐரோப்பிய ஆட்சிமுறைகளைக் கேட்டால் அது இங்கிலாந்து வரலாற்றின் மிகப் பெருமையான நாளாக இருக்கும் என்றார். ஐம்பது ஆண்டு கழித்து, 1883-ல், கிளாட்ஸ்டன் அனுப்பிய ரிப்பன் பிரபு, ஐரோப்பியர் மீதான வழக்கை உள்ளூர்களில் இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதாவைக் கொண்டுவந்தார். பரீட்சை எழுதித் தேறிப் பதவிக்கு வந்த இந்தியர்கள்தான் அவர்கள். கேட்ட பக்குவத்தை எல்லாம் காட்டியவர்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் கொதித்தெழுந்து மசோதாவின் பல்லைப் பிடுங்கினார்கள். அந்தச் சமயத்தில் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஆட்சி சம்மதத்தின் மேல் கட்டப்பட்டதல்ல, வெற்றியின் மேல் கட்டப்பட்டது என்று பட்டவர்த்தனமாக எழுதினார். மில்லின் சுதந்திரக் கொள்கையைக் கண்டித்துப் புத்தகமே எழுதியவர் ஸ்டீபன். மேம்பாட்டுத் திரையை விலக்கி உள்ளதைச் சொன்னது அவர்தான்.

இந்தியத் தலைவர்கள் இந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1892-ல் லண்டன் ஃபின்ஸ்பரியில் லிபரல் கட்சி சார்பில் ஜெயித்து காமன்ஸ் சபைக்குப் போன தாதாபாய் நௌரோஜி, 1901-ல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பில் இந்தியாவில் நடப்பதை பிரிட்டிஷ் தன்மை இல்லாத ஆட்சி என்று வைத்தார். உங்கள் கொள்கையை வைத்தே உங்களை அளக்கிறேன் என்பது அவர் முறை. இதை அடிமை மனப்பான்மை என்று ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரி எவ்வளவு போகிறது, என்ன திரும்பி வருகிறது என்று எதிராளியின் கணக்குப் புத்தகத்திலிருந்தே அவர் எண்களை எடுத்தார். பக்குவம் இல்லை என்று அவரிடம் சொல்ல யாராலும் முடியவில்லை. அப்படியும் கேட்டது கிடைக்கவில்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றோடு இது முழுசாகத் தெரியும். 1905 முதல் லண்டன் அமைச்சரவையில் இந்தியாவுக்கான மந்திரியாக இருந்த ஜான் மார்லி, மில்லின் நேரடிச் சீடர், கிளாட்ஸ்டனின் வரலாற்றை எழுதியவர். தாராளவாதத்தில் அவரைவிட அசல் முத்திரை உள்ளவர் கிடையாது. 1907-ல் லாலா லஜபதி ராயையும் அஜித் சிங்கையும் 1818-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விசாரணையே இல்லாமல் பர்மாவின் மண்டலேக்கு நாடுகடத்தினார்கள். மார்லி அதற்குப் பொறுப்பேற்று நாடாளுமன்றத்தில் நியாயப்படுத்தினார். மறு ஆண்டு ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ராஜதுரோகத்துக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கும் ஆயுள் தண்டனைகள் கொடுத்தார். சிவாவுக்குப் பத்து ஆண்டு. சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தியவரும் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகப் பேசியவரும் செய்த குற்றம் மேடைப் பேச்சு. செய்தி லண்டனுக்குப் போனதும் மார்லி அந்த மாதமே வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதினார். திருநெல்வேலிக்காரர்கள் இருவருக்கும் கொடுத்த தண்டனைகளுக்கு எந்த நியாயமும் இல்லை, இவை நிற்கக்கூடாது, இப்படிப்பட்ட கொடுமைகளுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். மிதமிஞ்சிய கடுமை ஒழுங்குக்குப் போகும் பாதை அல்ல, வெடிகுண்டுக்குப் போகும் பாதை. அவ்வளவு தெளிவாகப் பார்த்தார். பிறகு? தண்டனை உயர்நீதிமன்ற மேல்முறையீட்டில் குறைந்தது, வ.உ.சி. 1912 டிசம்பர் வரை சிறையில் இருந்தார், செக்கிழுத்தார். மார்லியோ அதே 1908 டிசம்பரில் பிரபுக்கள் சபையில் தம் சீர்திருத்தங்களை முன்வைத்துப் பேசும்போது, இவை இந்தியாவில் நாடாளுமன்ற ஆட்சிக்கு இட்டுச்செல்லும் என்றால் எனக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இருக்காது என்றார். மனச்சாட்சி கடிதத்தில் விழித்திருந்தது, கொள்கை சட்டத்தில் தூங்கியது என்று சொல்லிவிடவும் முடியாது. கொள்கையே அந்த இடத்தில் நின்றுவிடும்படி மில் வகுத்து வைத்திருந்தார்.

இந்த நிபந்தனை முதல் உலகப் போருக்குப் பிறகு சர்வதேசச் சட்டத்திலேயே ஏறியது. 1919-ல் வகுக்கப்பட்ட சர்வதேச சங்க உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, நவீன உலகின் கடினமான சூழலில் தம் காலில் நிற்க இன்னும் இயலாத மக்களின் நலனை நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு என்றது. ஜெர்மனியும் துருக்கியும் இழந்த பிரதேசங்களை அந்தப் பெயரில் பிரிட்டனும் பிரான்சும் மற்றவர்களும் பங்கிட்டுக்கொண்டனர். அந்தப் பக்குவ நிபந்தனை ரத்தானது 1960 டிசம்பர் 14-ல். அன்றைக்கு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 1514-ஆம் தீர்மானத்தின் மூன்றாவது ஷரத்து, அரசியல், பொருளாதார, சமூக, கல்வித் தயார்நிலை போதவில்லை என்பதை விடுதலையைத் தாமதிக்க ஒருபோதும் சாக்காகச் சொல்லக் கூடாது என்கிறது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கொண்டுவந்த தீர்மானம் அது. ஆதரவாக 89 ஓட்டு, எதிராக ஒன்றுமில்லை. ஓட்டுப் போடாமல் ஒதுங்கிய ஒன்பது நாடுகளில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா மூன்றும் உண்டு.